பலர் எழுதிய துப்பறிவாளரும் தங்கச்சி மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையும்

அந்தத் துப்பறிவாளர்மீது எனக்கு முதன்முதலில் சந்தேகம் வந்தது அவருடைய கண்களால். ஓர் இதழில் அவை சாம்பல் நிறம். இன்னோர் இதழில் கபில நிறம். ஒரு கதையில் கெட்டவர்களை முகத்தில் குத்தி விழுத்துகிறார். வேறொரு கதையில் கதிரையை விட்டு எழும்பாமலே யோசித்துக் கண்டுபிடிக்கிறார். வேடம் போடுவதில் அவர் மகா கெட்டிக்காரர் என்று எல்லாக் கதைகளிலும் எழுதியிருந்தது. வேடம் போடாத நேரத்திலும் ஆள் மாறுகிற ஒருவரை நான் எப்படி நம்புவது?

நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து ஒடாஹுஹுவில் ஒரு பழைய சாமான் கடையில் நான் வேலை செய்கிறேன். வீடு மாறுகிறவர்களும், பெரியவர்களை அடக்கம் செய்துவிட்டு வீட்டை ஒதுக்குகிறவர்களும் எங்களைக் கூப்பிடுவார்கள். கடையின் வான் வண்டியில் போய்ச் சாமான்களை ஏற்றி வருவது என் வேலை. அப்படி வந்த ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன அந்தக் கதைத்தாள்கள். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பையன்களுக்காக வாராவாரம் அச்சானவை. தாள் பழுத்து, மடிப்புகளில் பொடியாகக் கொட்டியது. அட்டைப் படங்களில் மட்டும் நிறம் இருந்தது. ஓடும் ரயிலின் கூரையில் ஒருவன் தவழ்கிறான். கிணற்றுக்குள் ஒருவன் தொங்குகிறான். நீண்ட கோட்டுப் போட்ட துப்பறிவாளர் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இது விற்காது, குப்பைத்தாளோடு போடு என்றார்கள் கடையில். நான் பெட்டியோடு என் அறைக்குக் கொண்டுபோனேன்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆங்கிலம் இங்கே வந்தபிறகு, விசாக் கடிதங்களோடும் வாடகைக் கடிதங்களோடும் மல்லுக்கட்டிப் பிடித்தது. பையன்களுக்கு எழுதியது என்பதால் இந்தக் கதைகள் எனக்கு விளங்கின. வசனங்கள் சின்னவை. பக்கத்துக்குப் பக்கம் யாரோ யாரையோ சந்தேகிப்பார்கள். அது எனக்குப் பழக்கமான சங்கதிதான்.

கடையில் புத்தகங்களுக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறவர் மலேசியாவிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண். கண் நிறம் மாறுகிற விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் கைத்தொலைபேசியில் எதையோ தட்டிப் பார்த்தார்.

“அண்ணே, இது ஒரு ஆளு எழுதுனது இல்ல லா. பத்திரிகை கம்பெனியோட ஆளு இவரு. அந்த வாரம் யாரு ஃப்ரீயோ அவங்க எழுதுவாங்க. ரொம்ப வருசம், ரொம்ப பேரு எழுதியிருக்காங்க. அதான் கண்ணு மாறுது.”

“அப்ப இதில எது உண்மையான ஆள்?”

“எதுவும் இல்ல. இல்லாட்டி எல்லாருமே. போங்கண்ணே, அந்த சோபாவ இறக்குங்க.”

எனக்கு ஏமாந்த மாதிரி இருந்தது. இருந்தாலும் வாசிப்பதை விடவில்லை. கொஞ்ச நாளில் எழுதிய கைகளைப் பிரித்தறியப் பழகிவிட்டேன். ஒரு கை எழுதினால் கதை பனிமூட்டத்தில் தொடங்கும். இன்னொரு கைக்குப் பெண்களைப் பிடிக்காது. அந்தக் கதைகளில் வருகிற பெண்கள் எல்லோரும் பொய் சொல்வார்கள். மூன்றாவது கைக்குப் பசி போலும். துப்பறிவாளர் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

இந்த நாட்களில்தான் மன்னாரிலிருந்து என் தங்கச்சி அழைத்தாள். இதில் பெயர்கள் போடமாட்டேன். எங்கள் ஆட்கள் இங்கே கொஞ்சப்பேர். ஒரு பெயரைப் போட்டால் மிச்சம் எல்லாம் தெரிந்துவிடும்.

“அண்ணா, பிள்ளைக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு. பொடியன் உங்க ஆக்லாந்திலதான். யாழ்ப்பாணத்து ஆக்கள், எங்களை மாதிரி வேதக்காரர்தான். பாட்டனி டவுன்ஸில ஏதோ பெரிய கம்பனியில மேற்பார்வையாளராம். போட்டோ அனுப்பியிருக்கிறன், பாருங்கோ.”

பார்த்தேன். அகன்ற நெற்றி. சிரிக்காத வாய்.

“தவக்காலம் தொடங்க முதல் முடிவு சொல்லச் சொல்லி தாய்க்காரி நிக்கிறா. நீங்கள் விசாரிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் ஓம் எண்டால் ஓம். வேண்டாம் எண்டால் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடந்தது தெரியும்தானே?”

தெரியும். அந்தப் பிள்ளையை வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவன் வந்து கட்டினான். அவள் அங்கே போய் இறங்கியபோது அவனுக்கு ஏற்கெனவே மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். என் மருமகள் தவழ்ந்து திரிந்த வயதில் நான் நாட்டை விட்டு வந்தவன். அவளுடைய மிச்ச வாழ்க்கையை என் ஒரு சொல்லில் கொண்டுவந்து தொங்கவிட்டுவிட்டுத் தங்கச்சி போனை வைத்தாள்.

எங்கள் ஆட்களிடம் மாப்பிள்ளை விசாரிப்பது லேசான வேலை இல்லை. கல்யாணத்தைக் குழப்பிய பாவம் தன் தலையில் விழக்கூடாது என்று ஒருவரும் நேரே குறை சொல்லமாட்டார்கள். “நல்ல பொடியன்” என்று கேட்டவுடனே வந்துவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. “எனக்குப் பெரிசாப் பழக்கமில்லை” என்றால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் அவர்கள் கேட்கிற கேள்வி, யாருக்காக விசாரிக்கிறாய் என்பது. அதைச் சொன்னால் இந்த ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்கு வேண்டாம் என்று முடிவானால் பிள்ளையின் பெயர்தான் கெடும். அதனால் தங்கச்சி மகளைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் தேவாலய மண்டபத்தில் தேநீரோடு நிற்கும்போது, ஊர் விஷயம் எல்லாம் தெரிந்த ஒரு பெரியவரிடம் போனேன்.

“ஐயா, பாட்டனிப் பக்கம் வேலை செய்யிற அந்தப் பொடியனைத் தெரியுமோ?”

“ஆருக்கு?”

“சும்மா.”

“சும்மாவோ! கலியாண வயசுப் பொடியனை ஆராவது சும்மா விசாரிப்பினமோ?” என்று என் தோளில் தட்டினார். “நல்ல பொடியன் ஐசே. ஞாயிறு காலைப் பூசை தவறவிடமாட்டான். வாயைத் திறக்கமாட்டான். பூனை மாதிரி வந்து பூனை மாதிரிப் போவான்.”

ஒடாஹுஹுவில் மளிகைக் கடை வைத்திருக்கிற தமிழ்நாட்டுக்காரரிடம் படத்தைக் காட்டினேன்.

“இவரா? ஆமா, நம்ம கஸ்டமருங்க. ஞாயித்துக்கிழம கடை தொறக்குறப்பவே வந்து நிப்பாரு. யப்பா, என்னா பேச்சு! கத்திரிக்கா வாங்க வந்தா பத்துப் பேரோட பேசிட்டுத்தான் போவாரு. எதுக்கு சார் கேக்குறீங்க?”

“சும்மா.”

ஞாயிறு காலை ஒரே ஆள் கோயிலிலும் கத்திரிக்காய்க்குப் பக்கத்திலும் எப்படி நிற்க முடியும்? முன்பு அவனுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த அம்மாவிடம் போனேன். அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

“குறை சொல்லேலாது” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். “நான் ஒண்டும் சொல்லேல்லை, தம்பி.” கதவு மூடியது.

அந்தக் கொஞ்ச யோசனை என்னை வீட்டுக்குத் துரத்திக்கொண்டு வந்தது. மூன்று பேர் மூன்று மாப்பிள்ளைகளைத் தந்திருந்தார்கள். என் பெட்டிக்குள் கிடந்தவரைப் போலவே இவனையும் ஆளுக்கு ஒரு கையாக எழுதியிருந்தார்கள். கதைத்தாளில் அது பரவாயில்லை. அந்தத் துப்பறிவாளருக்கு ஒருவரும் பெண் கொடுக்கப்போவதில்லை.

பிறகு நகரத்தின் எப்சம் பகுதியில் அவனையே கண்டேன். ஓர் அலுமாரியை ஏற்றுவதற்காக நானும் வான் ஓட்டுகிறவரும் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டுக்காரர் வரத் தாமதம். நான் வானுக்குள் இருந்தேன். எதிர்வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதே அகன்ற நெற்றி. கையில் ஒரு நீளப் பை. மணி அடித்தான். ஒரு வெள்ளைக்காரப் பெண் கதவைத் திறந்து, சிரித்து, அவனை உள்ளே கூப்பிட்டாள். வாசலில் ஒரு சின்னப் பிள்ளையின் சைக்கிள் சாய்ந்து கிடந்தது.

சற்று நேரத்தில் முன்பக்க யன்னலின் திரை மூடியது. திறந்தது. பிறகு மெதுவாக மூடியது. பாதி திறந்து நின்றது. மறுபடியும் முழுக்க மூடியது.

நான் வாசித்த கதைகளில் திரை அப்படி அசைந்தால் அது சைகை. தெருவில் நிற்கிற கூட்டாளிக்குச் செய்தி. நான் தெருவைப் பார்த்தேன். என்னையும் வானையும் தவிர ஒன்றும் இல்லை. சைகையாக இல்லாவிட்டால் பட்டப்பகலில் ஒரு பெண்ணின் வீட்டில் திரையை மூட வேண்டிய காரணம் என்ன? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நினைவு வந்தது. அலுமாரியைத் தூக்கும்போது என் பக்கம் நழுவிக் காலில் விழப் பார்த்தது. “என்ன மேட், கனவா?” என்று வான் ஓட்டுகிறவர் கத்தினார்.

தங்கச்சிக்கு உடனே சொல்லவில்லை. பிழையாக இருந்தால் பாவம், சரியாக இருந்தாலும் அவள் தாங்கமாட்டாள். அதற்கிடையில் அவளே அழைத்தாள்.

“அண்ணா, அவனுக்கு அங்க வேற இடத்தில பேச்சு நடக்குதாம். கலியாணத் தரகர் சொன்னவர். அங்க ஒரு பொம்பிளைப் பகுதி அவனை மும்முரமா விசாரிக்கினமாம். தாய்க்காரியும் இப்ப ஒரு மாதிரிக் கதைக்கிறா. ‘எங்கட மகனுக்கு ஆக்லாந்திலயே இடம் இருக்கு’ எண்டு. அவையள் ஆர் எண்டு கண்டுபிடியுங்கோ.”

அவன் எதையோ மறைக்கிறான் என்பதற்கு எல்லாம் பொருந்தி வருவது போல எனக்கு இருந்தது. எப்சத்து வீடு, நீளப் பை, பாதிக் கதவில் நின்ற அம்மா. அடுத்த பூசைக்குப் போனதும் அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்தேன்.

“ஐயா, அந்தப் பொடியனை வேற ஆரோ விசாரிக்கினமாமே?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஓம். விசாரிக்கினம்.”

“ஆர் ஐயா?”

“உமக்குத் தெரியாதோ?”

“தெரியாது.”

“சரி சரி. தெரியாது எண்டே வைச்சுக்கொள்ளுவம்” என்று சிரித்துவிட்டு, பற்றிஸ் தட்டுப் பக்கம் போய்விட்டார். இந்த ஆளும் அவர்களுக்கு உடந்தை என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு மண்டபத்தில் நின்ற, கல்யாண வயதில் மகள் இருக்கிற எல்லாத் தகப்பன்மாரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தேன். எல்லோர் முகத்திலும் கள்ளம் தெரிந்தது.

இரண்டொரு நாளில் தங்கச்சி மறுபடியும் அழைத்தாள்.

“அண்ணா, அந்த ஆளைப் பற்றித் தரகர் விபரம் எடுத்திட்டார்.”

“சொல்லு, சொல்லு.”

“ஒடாஹுஹுப் பக்கத்து ஆளாம். மெலிஞ்சவராம். கண்ணாடி. கோயிலுக்க வைச்சும் கேட்டவராம், கடையில போட்டோவைக் காட்டியும் கேட்டவராம். ஆருக்கு எண்டு கேட்டால் சொல்லமாட்டாராம், சும்மா எண்டுவாராம். கதைக்கேக்க நிலத்தைத்தான் பாப்பாராம்…”

அவள் நிறுத்தினாள். மன்னாரில் ஒரு ஓட்டோ போகிற சத்தம் கேட்டது.

“அண்ணா.”

“ம்.”

“அது நீங்களோ?”

“நானாத்தான் இருக்கோணும்” என்றேன்.

“ஐயோ, என்ர மாதாவே! ஆருக்கு எண்டு கேட்டால் என்ர மருமகளுக்கு எண்டு சொல்லுறதுக்கு உங்களுக்கு என்ன வந்தது? மாப்பிள்ளை வீட்டுக்காரர் உங்களுக்கு ஒரு மகள் இருக்கு எண்டெல்லோ நினைச்சிருக்கினம்! உங்களோட போட்டி போட்டுத்தான் நான் இவ்வளவு நாளும் நித்திரை இல்லாமல் கிடந்தனானோ?”

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. ஆனால் எப்சத்து வீடு இன்னும் என் நெஞ்சில் கிடந்தது. அதைச் சொன்னேன்.

“அப்ப வேண்டாம் எண்டு சொல்லட்டோ?”

“கொஞ்சம் பொறு. நான் அவனையே போய்க் கேக்கிறன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஒருவரை நேரே கேட்பது எனக்குக் கைவராத வேலை. என் துப்பறிவாளரும் அதைச் செய்வதில்லை. எந்தக் கை எழுதினாலும் அவர் மறைந்து நின்று பார்ப்பார், காலடி அளப்பார், வேடம் போடுவார். சந்தேகப்பட்ட ஆளிடம் போய், நீ யார் என்று கேட்க மாட்டார். கேட்டால் கதை முதற்பக்கத்திலேயே முடிந்துவிடும்.

பன்மியூர்வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் பாட்டனிக்குப் போனேன். அவனுடைய கம்பனியைத் தேடிக் கண்டுபிடித்து வாசலில் நின்றபோது என் முகம் சூடாகியது. உள்ளே கூரையிலிருந்து நிலம்வரை துணி தொங்கியது. யன்னல் திரைகள் விற்கிற கடை.

வெட்கத்தில் ஒரு துணியைத் தடவிக்கொண்டு நின்றேன். அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

“அண்ணை, அது குளியலறைக்குப் போடுறது. உங்களுக்கு எந்த அறைக்கு?”

நான் தமிழன் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“உங்களை எனக்கு எப்பவோ தெரியும். என்னைப் பற்றி விசாரிச்சுத் திரியிறவர் நீங்கள்தானே? மூண்டு பேர் போன் பண்ணிச் சொன்னவை. எப்சத்தில வானுக்குள்ள இருந்து வாயைத் திறந்தபடி பாத்ததும் நீங்கள்தானே? நான் யன்னலுக்குள்ளால கண்டனான். திரையைக் கம்பியில மாட்டிப் பூட்டிப்போட்டு இழுத்துப் பாக்கிறன், பாக்கிற நேரமெல்லாம் உங்கட முகம். எந்தப் பகுதிக்கு அண்ணை விசாரிக்கிறியள்?”

“மன்னார்ப் பகுதிக்கு. அந்தப் பிள்ளையின்ர மாமன் நான்.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். துணிச் சுருளோடு போன ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

“மேற்பார்வையாளர் எண்டு சொன்னவை” என்றேன்.

“அது அம்மா போட்டது. நான் வீடுகளுக்குப் போய் அளவெடுத்துத் திரை பூட்டுறவன்.”

“கோயில்?”

“திருநாளுக்குப் போவன்.”

“முந்தி இருந்த வீட்டம்மா…”

“சமைக்கேக்க பாட்டுப் போடுவன். அவவுக்கு அது பிடிக்காது.” இதை மட்டும் கொஞ்சம் அவசரமாகச் சொன்னான். பாட்டுத்தானா, வேறும் ஏதாவதா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஆனால் மற்றவர்கள் உயர்த்தி எழுதியதை எல்லாம் அவன் தானாகவே இறக்கி வைத்திருந்தான். அதனால் இதையும் பாதி நம்பினேன்.

பிறகு அவன் குரலைத் தணித்தான்.

“அண்ணை, எனக்கு அங்க விசாரிக்க ஆள் இல்லை. ஆரைக் கேட்டாலும் நல்ல பிள்ளை எண்டு மட்டும்தான் வருது. நல்ல பிள்ளை எண்டால் என்ன? அந்தப் பிள்ளைக்கு இது விருப்பமோ? போட்டோவில பயந்த மாதிரி நிக்கிறா. நீங்கள் மாமன்தானே, சொல்லுங்கோ.”

நான் நிலத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியாது. அவனைப் பற்றி இவ்வளவு பேரைக் கேட்ட நான், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது அவன் தன் நம்பர் போட்ட கடை அட்டையைத் தந்தான்.

அன்று இரவு மருமகளை அழைத்தேன். மன்னாரில் மதிய நேரம்.

“பிள்ளை, உனக்கு இந்தச் சம்பந்தம் விருப்பமோ?”

“அம்மா பக்கத்தில நிக்கிறா, மாமா” என்றாள் மெதுவாக. வெளியே நடந்து போகிற செருப்புச் சத்தம். பிறகு சேவல் ஒன்று கூவியது. “இப்ப சொல்லுங்கோ.”

“உன்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையோ?”

“மாப்பிள்ளை கறுப்போ வெள்ளையோ எண்டு சொந்தக்காரர் கேட்டவை.” சேவலை விரட்டினாள். “மாமா, நான் ஒண்டு கேக்கட்டோ? நீங்கள் அங்க ஆரோட கதைக்கிறனீங்கள்?”

“வேலையில ஒரு பிள்ளை இருக்கு. கோயிலில ஆக்கள்…”

“வீட்டுக்கு வந்தாப் பிறகு?”

என் அறையைப் பார்த்தேன். கட்டில், மின்கேத்தில், தகரப் பெட்டி.

“வீட்டில ஒருத்தரும் இல்லை” என்றேன்.

“அதுதான் மாமா. அவர் கள்ளனோ, குடிகாரனோ, கலியாணம் முடிச்சவரோ எண்டுதான் எல்லாரும் பாக்கினம். எனக்கு அந்தப் பயம் இல்லை. அவர் நல்லவராய் இருந்து, வேலையால வந்து, சாப்பிட்டிட்டு, ஒண்டும் கதைக்காமல் படுத்திட்டால்? நான் அங்க ஆரோட கதைக்கிறது?”

இதை விசாரிக்க எனக்குத் தெரியாது. பெரியவர் அவனைப் பூனை என்றார். கடைக்காரர் வாயாடி என்றார். இரண்டில் எது என்று நான் எழுதிக் கொடுத்தால் அதுவும் இன்னொரு கை எழுதியதாகத்தான் இருக்கும்.

“நீயே கதைச்சுப் பார்” என்றேன். “நம்பர் தாறன்.”

“அம்மாவுக்குத் தெரியாமலோ?”

கல்யாணப் பேச்சு முடியாமல் பிள்ளைக்கு மாப்பிள்ளையின் நம்பரைக் கொடுப்பது எங்கள் குடும்பத்தில் இல்லாத காரியம். அட்டையில் இருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தேன். அவள் திருப்பிச் சொன்னாள்.

தவக்காலம் தொடங்கிவிட்டது. பெண் பக்கத்திலிருந்து பதில் போகவில்லை. மாப்பிள்ளையின் தாய், அவசரம் இல்லை, உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு சொன்னாலும் போதும் என்று அறிவித்தாராம். மகன் அப்படிச் சொல்லச் சொன்னானாம். தங்கச்சிக்கு இது பிடிபடவில்லை. போன கிழமை அழைத்தாள்.

“அண்ணா, எனக்கு ஒரே சந்தேகமாக் கிடக்கு. இவள் எந்த நேரமும் போனும் கையுமாக் கிணத்தடியில நிக்கிறாள். சிரிக்கிறாள். நான் கிட்டப் போனால் ‘மாமா’ எண்டுறாள். உங்களோட அப்பிடி என்ன கதை?”

“என்னோட இல்லை” என்றேன். “அந்தப் பொடியனோட.”

“என்ன? ஆர் நம்பர் குடுத்தது?”

“நான்தான்.”

அவள் போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தேன், இணைப்பு இருந்தது.

“உங்களை ஒரு அலுவலுக்கு விட்ட என்னைச் சொல்லோணும்” என்றாள். அவள் குரல், யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல இறங்கியது. “சரி, என்னதான் கதைக்கினமாம்?”

தெரியாது என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. அவள் நம்பவில்லை.